வயலை விற்று வாங்கும் மருத்துவ இடம் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் முறையும் நீட் மதிப்பெண் எட்டாததால் மகள் பேச்சையே குறைத்துக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது. ஆனால் கடிதத்தில் பாதி உங்கள் மைத்துனரின் பேச்சாகவே இருக்கிறது. வயலை விற்று வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்லும் அவர், திரும்பி வந்து தகுதித் தேர்வில் தேறினால்தான் இங்கே தொழில் செய்ய முடியும் என்பதைச் சொன்னாரா? வயலை விற்காதீர்கள்; இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

வேதியியல் செய்முறையில் டைட்ரேஷன் அளவு மூன்று முறையும் ஒத்துவரும் வரை மகள் இடத்தை விட்டு நகரமாட்டாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குணத்துக்கு உரிய படிப்பு, மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் கற்பிக்கும் பி.எஸ்ஸி. எம்.எல்.டி. 'ரத்தம் எடுக்கிற வேலைதானே' என்பார்கள். அது அந்த வேலையில் சிறு பகுதி.

கருத்தரிப்புச் சிகிச்சைக்கான ஹார்மோன் பரிசோதனையையே பாருங்கள். அதற்கு அடிப்படை இம்யூனோஅசே, அதாவது குறிப்பிட்ட பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதத்தைக் கொண்டு அளக்கும் முறை. அமெரிக்க ஆய்வாளர்கள் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினை அளக்கக் கதிரியக்கத்தைக் கொண்டு உருவாக்கிய அந்த முறைக்காக யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்குள் காலமாகிவிட்டார். இன்று பெரும்பாலும் கதிரியக்கத்தின் இடத்தில் ஒளி உமிழும் வேதிப்பொருள் இருக்கிறது. சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஹார்மோன்கள் போன்ற பெரிய புரதங்களை இரண்டு ஆன்டிபாடிகள் இருபுறமும் பிடிக்கின்றன. ஹார்மோன் கூடினால் ஒளியும் கூடும். எஸ்ட்ராடயால் என்ற பெண் ஹார்மோன் சிறிய மூலக்கூறு என்பதால், அடையாளமிட்ட ஹார்மோனோடு ஆன்டிபாடிக்காகப் போட்டியிட விடுகிறார்கள். அங்கே ஹார்மோன் கூடினால் ஒளி குறையும். முடி வளர்ச்சிக்காக அதிக அளவில் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடும் பெண்ணின் ரத்தம், பயோட்டின் பிணைப்பைப் பயன்படுத்தும் பரிசோதனைக் கிட்டில் போனால், முதல் வகையில் அளவு பொய்யாகக் குறைந்தும் இரண்டாம் வகையில் பொய்யாகக் கூடியும் வரலாம். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் பெரிய கட்டி இருந்து, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் அளவுக்கு மீறிப் பெருகினால், இரண்டு ஆன்டிபாடிகளும் ஒரே மூலக்கூறைச் சேர்ந்து பிடிக்காமல் தனித்தனியே நிரம்பிவிட, முடிவு சற்றே கூடியதாக மட்டும் தெரியும். மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டினால்தான் உண்மையான அளவு வெளிப்படும். அந்தச் சந்தேகம் எழ வேண்டியது ஆய்வகத்தில் நிற்பவருக்கு. நோயாளிகளின் மாதிரிகளுக்கு முன், அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் மாதிரியை ஓட்டி, அதன் முடிவுகளை நாள்வாரியாகக் குறிக்கும் லெவி-ஜென்னிங்ஸ் வரைபடத்தில் புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று நாள்தோறும் பார்ப்பதும் உங்கள் மகளின் டைட்ரேஷன் பிடிவாதம்தான்.

தொடக்கச் சம்பளம் குறைவு என்பதை மறைக்கமாட்டேன், எம்.எஸ்ஸி. மருத்துவ உயிர்வேதியியல் வரை படிக்க வைக்கும் எண்ணத்தோடு சேருங்கள். அரசுக் கல்லூரிக்கே முதலில் விண்ணப்பியுங்கள். தனியார் என்றால், சொந்த மருத்துவமனை ஆய்வகம் இல்லாத கல்லூரியையும் நன்கொடை கேட்கும் கல்லூரியையும் அன்றே விட்டுவிடுங்கள். இம்யூனோஅசே கருவியில் மாணவர்களைக் கை வைக்க விடுகிறார்களா என்று நேரில் கேளுங்கள்.

அதற்கு முன், உங்கள் ஊருக்கு அருகில் ஆய்வகங்களின் தரத்துக்கான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றில் அனுமதி கேட்டு, மகளை அரை நாள் உட்கார வையுங்கள். மாலையில் அவள் சொல்வதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.