கோபுரப் படமும் வேல் சின்னமும் ஒரே ஃப்ளெக்ஸில்: எழுத்து ஏன் உடைகிறது?

கேள்வி: திருமங்கலம் பக்கம் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன், ஐயா. எங்கள் ஊர் முருகன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு 10க்கு 8 அடி ஃப்ளெக்ஸும் பத்திரிகையும் செய்கிறேன். கோபுரப் படம் போனில் எடுத்தது. கமிட்டியின் வேல் சின்னமும் பெயர்ப் பட்டியலும் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் இருக்கின்றன. எல்லாவற்றையும் போட்டோஷாப்பில் சேர்த்து ஜேபெக்காகக் கொடுத்தேன். சாம்பிளில் எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி வருகிறது. சின்னத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் வேறு. கோபுரத்தையும் டிரேஸ் செய்து, அதாவது படத்தைக் கோடுகளாக மாற்றி, வெக்டராக்கிவிட்டால் சரியாகுமா?

பதில்: கோபுரத்தை டிரேஸ் செய்ய வேண்டாம். கெட்டது கோபுரப் படம் அல்ல, எழுத்தும் சின்னமும்தான். நல்ல வெக்டராக இருந்தவற்றை நீங்கள் பிக்சலாக, அதாவது சின்னச் சின்ன வண்ணக் கட்டங்களாக ஆக்கிவிட்டீர்கள்.

புள்ளிக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். எத்தனை புள்ளி, எந்தப் புள்ளியைச் சுற்றிக் கோடு எப்படி வளைகிறது என்பது தெரிந்தால் போதும். அதே கோலத்தை வாசற்படியிலும் போடலாம், கோயில் பிரகாரம் முழுக்கவும் போடலாம். கோடு உடையாது. வெக்டர் அப்படித்தான்: வளைவுகளின் கணக்கு மட்டும் கோப்பில் இருக்கும். பிட்மேப் என்பது போட்டு முடித்த கோலத்தின் போட்டோ. பெரிதாக்கினால் அதில் இருக்கும் பிக்சல்தான் பெரிதாகும், புதிதாக எதுவும் வராது.

போட்டோஷாப்பில் ஏ4 அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்று வைத்துத் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் அகலவாக்கில் 3508 பிக்சல்தான் உண்டு. 10 அடி என்றால் 120 அங்குலம்; அங்குலத்துக்கு 29 பிக்சல்தான் தேறும். படிக்கட்டு அங்கிருந்துதான் வருகிறது. தள்ளி நின்று பார்க்கிற ஃப்ளெக்ஸுக்கு 300 தேவையில்லை, 72 போதும். ஆனால் அது முழு அளவில் 72. அதாவது 8640க்கு 6912 பிக்சல்.

நான் சொல்லும் வழி இது. போட்டோ வேலையைப் போட்டோஷாப்பில் முடியுங்கள்: வானத்தை வெட்டுவது, நிறம் திருத்துவது, அவ்வளவுதான். வெட்டிய கோபுரத்தைப் பிஎன்ஜி அல்லது பிஎஸ்டியாகச் சேமியுங்கள். ஜேபெக்கில் ஒளி ஊடுருவும் பகுதி என்பதே கிடையாது, அந்த இடத்தை வெள்ளையால் நிரப்பிவிடும். உங்கள் வேல் சின்னத்தைச் சுற்றிய வெள்ளைக் கட்டமும் இப்படி வந்ததாகத்தான் இருக்கும். அப்புறம் கோரல்டிராவில் பக்கத்தைத் திறந்து கோபுரத்தை இம்போர்ட் செய்து, அதன் மேல் வேலும் எழுத்தும் வெக்டராகவே இருக்கட்டும். பிடிஎஃப் எடுத்தால் இரண்டும் அதனதன் இயல்பில் போகும். கோரல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் பிஎன்ஜியை வைத்து இதையே செய்யலாம்.

போன் படம் தாங்குமா என்று யோசிப்பீர்கள். 12 மெகாபிக்சல் படத்தைச் செங்குத்தாக எடுத்திருந்தால் அகலம் 3000 பிக்சல் இருக்கும். கோபுரம் ஃப்ளெக்ஸில் 4 அடி அகலம் என்றால் அங்குலத்துக்கு 62; 72க்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் தள்ளி நின்று பார்க்கத் தாங்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் தாங்காது. எடுத்தவரிடம் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

டிரேஸ் செய்தால் கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் ஆயிரக்கணக்கான வண்ணத் திட்டுகளாகிவிடும்; முகமே தெரியாது. இரண்டு மூன்று நிறம் மட்டும் உள்ள சின்னத்துக்கு டிரேஸ் சரி. அதிலும் பழைய நோட்டீஸிலிருந்து எடுத்த மங்கலான சின்னம் என்றால், அதைக் கீழே வைத்துப் பென் டூலில் கையால் வரைந்துவிடுவதுதான் என் பழக்கம். அரை மணி நேரம் ஆகும், அடுத்த பத்து வருடத்துக்கு உதவும்.

போட்டோஷாப்பிலேயே முடிக்க வேண்டுமென்றால், ஆவணத்தை முழு அளவில் தொடங்குங்கள். சின்னத்தைக் கோரலிலிருந்து பிடிஎஃப் ஆக்கி, ஓப்பன் செய்யாமல் பிளேஸ் செய்யுங்கள். ஓப்பன் செய்தால் அப்போதே பிக்சலாகிவிடும். பிளேஸ் செய்தால் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வரும், எத்தனை முறை அளவு மாற்றினாலும் மூலத்திலிருந்து புதிதாக வரைந்துகொள்ளும். பிக்சலாக மாற்றிவிடும் ராஸ்டரைஸ் கட்டளையைத் தொடாதீர்கள். எழுத்து லேயரைப் படத்தோடு மெர்ஜ் செய்யவும் வேண்டாம். ஒருமுறை நான் அப்படிச் செய்துவிட்டேன்; முகூர்த்த நேரம் மாறியதாகக் கடைசி நாளில் சொன்னார்கள். முழுப் பேனரையும் இரவெல்லாம் உட்கார்ந்து மறுபடி செய்தேன்.

எழுத்துக்கு இன்னொரு விஷயம். பிரஸ்ஸுக்கு அனுப்பும் பிரதியில் கோரலில் கண்ட்ரோல் கியூ அடித்து எழுத்தைக் கர்வாக (வெறும் வளைகோடுகளாக) மாற்றுங்கள். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்திருந்து, அது அவர்கள் கணினியில் இல்லையென்றால், உபயதாரர் பெயரெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும். மாற்றாத மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கர்வான எழுத்தைத் திருத்த முடியாது. எழுத்தின் பின்னால் போடும் மென்மையான நிழல் வெக்டர் பக்கத்தில் இருந்தாலும் பிட்மேப்தான், அதற்குத் தனியாக ரெசல்யூஷன் (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) அமைப்பு உண்டு.

பிரஸ்ஸில் ஜேபெக் அல்லது டிஃப் மட்டும்தான் வாங்குவோம் என்றால், எல்லாம் முடிந்தபின் முழு அளவில் ஒரே ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பத்திரிகைக்கு அந்தப் படத்தைச் சுருக்கிப் போடாமல், கோரல் கோப்பிலிருந்தே 300 டிபிஐயில் தனியாக எடுங்கள். ஃப்ளெக்ஸை அடிக்கக் கொடுக்கும் முன், வேலின் நுனியும் ஒரு வரி எழுத்தும் வருகிற மாதிரி ஓரடித் துண்டை முழு அளவில் அடித்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.