சமூக ஊடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டால் கருத்துச் சுதந்திரம் போய்விடாதா?

நீங்கள் அரசாங்கத்தைப் பார்த்துப் பயந்துதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எழுதுகிற ஆளாக இருப்பீர்கள், உங்கள் பதிவு எதையாவது தூக்கியிருப்பார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். நான் எழுதுகிறவன் இல்லை, திருப்பூரில் பவர் டேபிள் போட்டு, அதாவது சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்து, பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறவன். ஆனாலும் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

2023 மார்ச் ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோவாகப் பரவியது. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு உடனே மறுத்தார். ஒரு வீடியோ பீகார் தொழிலாளர்களே இரண்டு கோஷ்டியாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவை உள்ளூர் ஆட்களுக்குள் நடந்த சண்டை, இரண்டுமே பழசு என்றார். அப்போதைய முதல்வர் ஸ்டாலின், அப்போதைய பீகார் முதல்வர் நிதிஷ் குமாருக்குப் போன் செய்தார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே இங்கே வந்து பார்த்தது. அதற்குள் எங்கள் யூனிட்டில் பாதி மெஷின் நின்றுவிட்டது.

ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த பீகார் பையன் ஒருவன், நல்ல கை. அவனுக்கு இங்கே எதுவும் நடக்கவில்லை என்பது அவனுக்கே தெரியும். ஊரிலிருந்து அவன் அம்மா போனில் அழுதுகொண்டே இருந்தார். நானே வீடியோ கால் போடச் சொல்லி, தெரு, டீக்கடை, அவன் தங்கியிருக்கும் ரூம் எல்லாவற்றையும் காட்ட வைத்தேன். அந்த அம்மா நம்பவில்லை. பக்கத்தில் ஆளை நிறுத்தி உன்னை அப்படிப் பேச வைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். இதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? மகனே முகம் காட்டிப் பேசினாலும் வீடியோவில் பார்த்த பொய்தான் ஜெயிக்கிறது. ஹோலிக்கு ஊருக்குப் போகிறார்கள் என்று இங்கே சமாதானம் சொன்னார்கள். மார்ச் 8 ஹோலி, அதற்காகப் போனவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஹோலிக்குப் போகிறவன் குக்கரையும் கட்டிக்கொண்டு போகமாட்டான்.

உனக்கு மலிவாக ஆள் கிடைக்காத கவலை என்று யாராவது கமெண்ட் போடுவார்கள். என்னிடம் உள்ளூர் டெய்லருக்கும் அவர்களுக்கும் ஒரே பீஸ் ரேட்தான். ஆள் போனதால் அந்த முறை டெலிவரி தள்ளிப்போனதற்கு பனியன் கம்பெனி எனக்குத் தர வேண்டிய பணத்தில் பிடித்தம் போட்டது.

ஜனநாயகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், அந்த வீடியோவை வைத்துக்கொண்டு பீகார் சட்டமன்றத்திலேயே அமளி நடந்தது. மார்ச் 1 அன்று அப்போதைய பீகார் துணை முதல்வர் தேஜஸ்வி யாதவ் ஸ்டாலின் பிறந்தநாள் கூட்டத்துக்குச் சென்னை வந்திருந்தார், அங்கே நம் ஆட்கள் சாகிறார்கள் இவர் விழாவுக்குப் போகிறார் என்று எதிர்க்கட்சிக்குப் பேச வசதியாகிவிட்டது. நடக்காத கொலையை வைத்து ஒரு சட்டமன்றம் சண்டை போட்டது.

வீடியோ போட்ட யூடியூபர் ஒருவரைக் கைது செய்து தேசியப் பாதுகாப்புச் சட்டத்தையும் பாய்ச்சினார்கள், பிறகு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் அந்த வீடியோக்களை அடுத்தடுத்த ஆளுக்குத் தானாகவே காட்டிக்கொண்டிருந்த தளங்கள் ஒரு ரூபாய் அபராதம் கட்டியதாக நான் கேள்விப்படவில்லை. நான் கேட்கிற சட்டம் அந்தக் கம்பெனிகளுக்குத்தான், உங்களுக்கு இல்லை. எது பொய் என்று அரசாங்கமே முடிவு செய்யும் அதிகாரம் எனக்கும் வேண்டாம். மத்திய அரசு 2023ல் உண்மை சரிபார்ப்புக் குழு என்று அதைத்தான் கொண்டுவரப் பார்த்தது, 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, சரியான தீர்ப்பு. இணையத்தில் எழுதுவதற்கே கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இருந்த காலத்தில் புதுச்சேரியில் ஒரு சிறு தொழில்காரரை ட்விட்டரில் எழுதியதற்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதெல்லாம் எனக்கும் தெரியும்.

ஐரோப்பாவில் டிஜிட்டல் சேவைகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பெரிய தளங்கள் தங்களால் தேர்தலுக்கும் பொது விவாதத்துக்கும் என்ன ஆபத்து என்று ஆராய்ந்து, அதைக் குறைக்க வேண்டும், வெளி ஆட்கள் தணிக்கை செய்வார்கள், மீறினால் உலக வருமானத்தில் 6 சதவீதம் வரை அபராதம். இங்கேயும் அப்படி ஒன்று வரட்டும். கூடவே இந்தியும் போஜ்புரியும் தமிழும் தெரிந்த ஆட்களைப் போதுமான அளவு வேலைக்கு வைக்கச் சொல்ல வேண்டும், பொய்யைப் பார்த்தவரின் திரைக்கே மறுப்பையும் அனுப்பச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் முடியாது என்று சொல்லாதீர்கள். 2018ல் பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்து போளூர் பக்கம் ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள், நாடு முழுக்க அப்படிப் பல சாவுகள். அந்த வருடம்தான் வாட்ஸ்அப் ஃபார்வர்டை ஒரு தடவைக்கு ஐந்து பேர் என்று குறைத்தது. அதனால் யாருடைய கருத்துச் சுதந்திரம் போனது, சொல்லுங்கள்.