சிறுவர் இல்லத்துக்கு ஒரு பங்கு: மரண சாசனத்தில் எதை எழுதலாம்?

கேள்வி: எனக்கு 71 வயது. கிளிநொச்சியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் ஆறு வருடங்களுக்கு முன் காலமானார், சாசனம் எதுவும் எழுதவில்லை. மகன் லண்டனில், மகள் வவுனியாவில். இரணைமடுக் குளத்தின் கீழ் என் பெயரில் 2 ஏக்கர் பேமிற் வயல் (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி) இருக்கிறது. கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயரில் வாங்கிய உறுதிக்காணியும் வீடும், வங்கியில் என் பெயரில் 30 இலட்சம் ரூபா நிலையான வைப்பும் உண்டு. போர் முடிந்த பிறகு என்னிடம் படித்த பிள்ளைகள் சிலரை வளர்த்தெடுத்த சிறுவர் இல்லத்துக்கு அந்த வயலை எழுதிவைக்க ஆசை. அப்படிக் கொடுத்தால் வரியும் குறையும் என்கிறான் மகன். எப்படி எழுதுவது?

பதில்: ரீச்சர், உங்கள் மனம் பெரியது. ஆனால் வயலை மட்டும் சாசனத்தில் எழுதாதீர்கள்.

பேமிற் காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. உங்களுக்குப் பிறகு அது யாருக்கு என்பதைச் சாசனம் தீர்மானிக்காது. பிரதேச செயலகத்தில் நீங்கள் பதியும் பின்னுரித்தாளர்தான் தீர்மானம். அவரும் சட்டம் சொல்லும் உறவுமுறைக்குள் இருக்க வேண்டும், ஒரு நிறுவனத்தை அங்கே போட முடியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. இடம்பெயர்ந்த காலத்தில் இருந்து கூடவே கொண்டு திரிந்த பொலித்தீன் பை ஒன்றை விரித்தார்கள். மடிப்பு மடிப்பாகப் பழுப்பேறிய பேமிற், அதோடு வயலைக் கோயிலுக்குக் கொடுப்பதாக அப்பு எழுதிய சாசனம். பேமிற்றில் பின்னுரித்தாளர் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. கோயிலுக்கும் வயல் போகவில்லை, பிள்ளைகளுக்கு இடையிலும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. அதனால் முதல் வேலையாகப் பிரதேச செயலகத்துக்குப் போய் மகனையோ மகளையோ பதிந்துவிடுங்கள்.

அடுத்தது வீடு. அது முழுவதும் உங்களுடையது என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து, வடபகுதித் தமிழருக்கான வழமைச் சட்டமாகிய தேசவழமைப்படி தேடியதேட்டம். கணவர் சாசனம் எழுதாமல் காலமானதால் பாதி உங்களுக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்கு. (தேசவழமை பொருந்தாத, மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பமானாலும் பொதுச் சட்டத்தின் கணக்கு இதுதான்.) உங்கள் பாதியை யாருக்கும் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் ஒரு வீட்டில் மகனும் மகளும் சிறுவர் இல்லமும் பங்காளிகள் ஆவதை நான் விரும்பமாட்டேன். பிரிக்கவும் முடியாது, விற்கவும் எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும்.

மிஞ்சுவது வைப்புப் பணம். இல்லத்துக்கு அதிலிருந்து கொடுங்கள். பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் கொப்பிக்கும் உடனே உதவுவதும் காசுதான். தொகையைக் குறிக்காமல் பங்காக எழுதுங்கள்: “என் வங்கிப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு” என்று. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டதை நாம் எல்லோரும் கடையில் நின்று அனுபவித்தோம். இன்று எழுதும் 10 இலட்சம் பத்து வருடத்தில் என்ன பெறும்? பங்காக எழுதினால் இன்னொரு நிம்மதியும் உண்டு. உங்களுக்கு வைத்தியச் செலவு வந்து பணம் குறைந்தால், எல்லோருடைய பங்கும் சேர்ந்தே குறையும். உயிரோடு இருக்கும்வரை அது உங்கள் காசு, தயங்காமல் எடுத்துச் செலவழியுங்கள்.

வங்கியில் அந்த வைப்புக்கு மகளைப் பின்னுரித்தாளராகப் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் சாசனத்தில் என்ன எழுதினாலும் பணம் அவர் கைக்குப் போகும். அதை மாற்றிய பிறகு சாசனம் எழுதுங்கள்.

வரி பற்றி மகன் சொன்னது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரி. பிரித்தானியாவில் தேறிய மரணச் சொத்தில் பத்தில் ஒரு பங்கையாவது தருமத்துக்கு விட்டால் 40 சதவீத வரி 36 ஆகக் குறையும். இலங்கையில் மரணச் சொத்து வரியை 1985 இலேயே எடுத்துவிட்டார்கள். நீங்கள் கொடுப்பது அந்தப் பிள்ளைகளுக்காக மட்டுமே.

இல்லத்தின் பெயரைப் பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே, பதிவு இலக்கத்தோடு எழுதுங்கள். ஊரில் கூப்பிடும் பெயர் போதாது. போருக்குப் பிறகு வன்னிக்கு வந்த எத்தனை அமைப்புகள் இன்று பெயர்ப்பலகையோடு மறைந்துவிட்டன! ஆகவே “அந்த இல்லம் இயங்காவிட்டால் இந்த மாவட்டத்தில் ஆதரவற்ற பிள்ளைகளைப் பராமரிக்கும் வேறு பதிவுபெற்ற இல்லத்துக்கு” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

நொத்தாரிசு (உறுதி, சாசனம் எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வையுங்கள். நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் ஐந்து சாட்சிகள் வேண்டும், அந்த வழி வேண்டாம். சாசனத்தில் ஏதாவது பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக நிற்கக் கூடாது, அவர்களுக்கு எழுதியது செல்லாமல் போகும்.

அப்புறம், பிள்ளைகளிடம் இப்போதே சொல்லுங்கள். மகனுக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும், மகளை மட்டும் ஒரு நாள் அந்த இல்லத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் சாசனத்தை முன்வைத்து அலைய வேண்டியவர் அவராகத்தான் இருப்பார். அவரையே சாசனத்தை நடைமுறைப்படுத்தும் நிறைவேற்றுநராகப் போட்டு, மூலப்பிரதி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதையும் சொல்லிவையுங்கள்.