டேங்க்கில் துருவா? உடனே மாற்றச் சம்மதிக்காதீர்கள்

கேள்வி: இரண்டு வருடம் துபாயில் இருந்துவிட்டுத் தூத்துக்குடி திரும்பியிருக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே நிறுத்தியிருந்த 2012 மாடல் ஸ்பிளெண்டரின் பெட்ரோல் டேங்க் உள்ளே துருப்பிடித்துவிட்டது. புது டேங்க்தான் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழியே இல்லையா?

பதில்: பெரும்பாலும் இருக்கிறது. பாதி டேங்க் பெட்ரோலோடு விட்டுப் போயிருப்பீர்கள். காலியாக இருந்த மேல்பாதியில் கடற்காற்றின் ஈரம் முத்துமுத்தாக வியர்த்து, தகட்டில் செம்மண் பூசியதுபோல் துரு ஏறியிருக்கும். அதைக் கழுவி எடுத்துவிடலாம்.

பயப்பட வேண்டியது அடித்தகட்டுக்குத்தான். தண்ணீர் பெட்ரோலுக்கு அடியில் போய்த் தங்கும். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, டேங்க்கைக் கழற்றிக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். தகடு அமுங்கினாலோ, பெயின்ட் கொப்பளித்துப் பெட்ரோல் கசிந்திருந்தாலோ மெக்கானிக் சொன்னது சரி. இல்லையென்றால் நன்றாக அலசி, டேங்க்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் ‘காக்’ என்ற குழாயைக் கழற்றித் துளையை அடைத்துவிடுங்கள். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரைக் கழுத்துவரை ஊற்றி ஓர் இரவு வையுங்கள். காலையில் கொட்டி, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, அன்றே பெட்ரோல் நிரப்புங்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் துரு திரும்பிவிடும்.

கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்பவரின் பக்கமே போகாதீர்கள். அது துருவோடு தகட்டையும் தின்னும். துருவின் மேலேயே பூச்சு அடித்துத் தருகிறேன் என்பவரையும் நம்பாதீர்கள். பூச்சு உரிந்து வந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் ‘ஜெட்’ என்ற நுண்துளையை அடைக்கும். எல்லாவற்றையும்விட, புது டேங்க் போட்டால் பழையதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். “இது தேறாது” என்று ஒருவரிடம் கழற்றிய டேங்க்கைக் கழுவி, பெயின்ட் அடித்து அடுத்தவருக்கு விற்றதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

உங்களுடையது கார்புரேட்டர் வண்டி என்பதால் இவ்வளவு எளிது. உறவினர் யாராவது, புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டிக்கும் இதையே செய்யப் போனால் தடுத்துவிடுங்கள். அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கும். அதைக் கழற்றாமல் அமிலம் ஊற்றினால் பம்ப் போய்விடும். கழற்றினால் அதன் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட வேண்டும். கழுவாமல் ஓட்டினாலோ துருப்பொடி, கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை அடைக்கும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் இதைக் கேட்டுப் பாருங்கள். பாகத்தை மாற்றத்தான் பில் போடுவார்கள், கழுவித் தர ஆள் இருக்காது. இன்னொன்று, பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால் ஈரத்தை இழுக்கும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை ஊர் முழுக்க விற்கிறார்கள். ஆனால் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறவருக்கு ஒரு வார்த்தை எச்சரிக்கை கிடையாது. எனக்குக் கோபமே வருகிறது.

வண்டி ஓடத் தொடங்கி இரண்டு வாரம் கழித்து, காக்கிலுள்ள வடிகட்டியைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டுங்கள். காப்பித்தூள் நிறத்தில் பொடி விழுந்தால், இன்னொரு முறை கழுவுங்கள்.