மேல் வீட்டுக் கசிவால் சேதம்: இழப்பீடு கேட்பது எப்படி?

கேள்வி: சென்னையில், 12 ஆண்டுகளுக்கு முன் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து கசியும் நீரால் எங்கள் படுக்கையறைக் கூரையின் பூச்சு உதிர்ந்து, மர அலமாரியும் உப்பிப் பாழாகிவிட்டது. "பழைய கட்டடம், நான் என்ன செய்வது?" என்கிறார் மேல் வீட்டுக்காரர். "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறது குடியிருப்போர் சங்கம். இழப்பீடு பெற முடியுமா?

பதில்: பெற முடியும். ஆனால், தண்ணீர் கசிந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அவர் பராமரிக்க வேண்டிய பகுதியிலிருந்துதான் கசிந்தது, தெரிவித்த பிறகும் அவர் சரிசெய்யவில்லை என்ற இரண்டையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

எனவே முதலில் கசிவின் மூலத்தைக் கண்டறியுங்கள். மேலே யாரும் தண்ணீர் புழங்காத நேரத்திலும் சொட்டுவது நிற்கவில்லை என்றால் சுவருக்குள் செல்லும் தண்ணீர்க் குழாயையும், குளித்த சிறிது நேரத்தில் மட்டும் ஈரம் கூடினால் டைல்ஸ் இடுக்குகளையோ நஹானி ட்ராப் எனப்படும் தரை வடிகால் வாயைச் சுற்றியுள்ள பூச்சையோ சந்தேகிக்கலாம். வடிகால் வாயை அடைத்து, குளியலறைத் தரையில் சாயம் கலந்த நீரை ஒரு நாள் முழுவதும் தேக்கிவைத்துப் பார்க்கும்போது உங்கள் கூரையில் அதே நிறம் இறங்கினால், அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இதை ஒரு கட்டுமானப் பொறியாளர் முன்னிலையில் செய்து, அவரிடம் கையொப்பமிட்ட அறிக்கை பெறுங்கள். பல வீடுகளுக்கும் பொதுவான கழிவுநீர்க் குழாயில்தான் பழுது என்று தெரியவந்தால், பொதுப் பகுதியைப் பராமரிக்கும் சங்கம் ஒதுங்கிக்கொள்ள இயலாது.

அடுத்தது எழுத்துப்பூர்வமான அறிவிப்பு. படிக்கட்டில் சந்தித்தபோது சொன்னதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்காது. தேதியிட்ட கடிதத்தைப் புகைப்படங்களுடன் ஒப்புகை பெறும் தபாலில் அனுப்பி, அதன் நகலைச் சங்கத்துக்கும் கொடுங்கள். மேல் வீட்டில் வாடகைதாரர் இருந்தால், கடிதம் உரிமையாளருக்கே போக வேண்டும். அலமாரியில் உள்ள பொருள்களை உடனே அப்புறப்படுத்துங்கள். தவிர்த்திருக்கக்கூடிய சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது கடினம். பழுதுபார்க்கும் முன் மதிப்பீடும், பார்த்த பின் ரசீதுகளும் கையில் இருக்கட்டும்.

பலரும் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்று எண்ணுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்குக் கட்டணம் பெற்றுச் சேவை வழங்குபவர் அல்லர் என்பதால் அந்த வழி இங்கே பொருந்தாது. கட்டுநர் மீதான கோரிக்கைக்கும் உங்கள் விஷயத்தில் காலம் கடந்துவிட்டது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டுமானக் குறைகளுக்கே அவரைப் பொறுப்பாக்குகிறது.

எஞ்சியிருப்பது உரிமையியல் நீதிமன்றம். அங்கே பணத்தை மட்டும் கேட்காமல், கசிவைச் சரிசெய்யுமாறு கட்டளையிடும் உறுத்துக் கட்டளையையும் சேர்த்துக் கேளுங்கள். மேல் வீட்டுக்காரர் சோதனைக்கு அனுமதி மறுத்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆம் கட்டளை, 9-ஆம் விதியின்படி வழக்கறிஞர் ஆணையரை நியமித்து இடத்தைப் பார்வையிடச் செய்யுமாறு மனுச் செய்யலாம். இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுக் காலவரம்பு உண்டு என்பதால் தாமதிக்க வேண்டாம்.

வழக்குக்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்துப் பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். நாளையும் அதே மாடிப்படியில் ஏறி இறங்கப் போகிறவர்களுக்கு அதுவே உகந்தது. அந்த ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது, அதன் மீது மேல்முறையீடும் இல்லை. சமரசத்தில் கையெழுத்திடும்போது தொகையோடு, நீர்க்கசிவுத் தடுப்பு வேலையை எந்தத் தேதிக்குள் முடிப்பார் என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.