வேரையும் பாருங்கோ: வன்னிப் புற்கள் பற்றிய கேள்வி பதில்

வட இலங்கையின் வன்னியில், தரவை எனும் புல்வெளியிலும் குளத்து அலைகரையிலும் தானாய் முளைத்து ஆண்டுக்கணக்கில் நிற்கும் புற்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

ஐயா, வெள்ளைப் பூப் பூத்த புல் ஒன்றின் படம் அனுப்பியிருக்கிறன். நாணலா, இலுக்கா? (மல்லாவி)

தம்பி, பூ மட்டும் தெரியிற படத்தை வைத்து உறுதியாய்ச் சொல்ல மாட்டன். இரண்டுக்கும் பஞ்சுபோல வெள்ளைக் கதிர்தான். இலையைத் திருப்பிப் பாருங்கோ. நடுநரம்பு நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாய் ஒதுங்கியிருந்தால் இலுக்கு. அதின்ர கதிர் திரி போல நெருங்கியிருக்கும். நாணல் ஆளுயரத்துக்கு மேல் வளரும், கதிரும் கிளைவிட்டு விரியும். இலுக்கின் தண்டு மண்ணுக்குள்ள ஊசிமுனையோடு ஓடுது. அதனால்தான் நெருப்பு வைத்தாலும் அடுத்த மழைக்குத் தளிர்க்குது. உழுது துண்டாக்கினாலோ துண்டுக்கு ஒரு செடி.

அறுகுக்கும் காக்காய்க்கால் புல்லுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் விரல் விரித்த மாதிரித்தானே? (நெடுங்கேணி)

விரல் போல விரிந்த கதிரின் நுனியைப் பாருங்கோ. காக்காய்க்காலில் ஒவ்வொரு விரலும் மணியில்லாத கூர்முனையாய் முடியும். அறுகில் நுனிவரை மணி இருக்கும். காக்காய்க்கால் ஓராண்டுப் புல், அறுகு நிரந்தரம்.

கோரையும் புல்தானா, சேர்? வகுப்பில் பிள்ளையள் கேட்குதுகள். (முள்ளியவளை)

இல்லை, அது வேறு குடும்பம். தண்டை விரலுக்கிடையில் உருட்டச் சொல்லுங்கோ. கோரை மூன்று விளிம்பாய் இடறும். புல்லின் தண்டில் கணு இருக்கும், பெரும்பாலும் உருண்டையாய் உருளும்.

அண்ணை, எங்கட குளத்து ஓரத்தில நெல்லுப் போல ஒன்று நிற்குது. கோடையில் காய்ந்து போகும், மாரிக்கு அதே இடத்தில் தளிர்க்கும். பக்கத்து வயல்காரர் நெற்சப்பிக் களை என்கிறார். பிடுங்கி எறியவா? (கனகராயன்குளம்)

எறியாதேங்கோ! முதலில் இலையும் தண்டும் சேரும் இடத்தைப் பாருங்கோ. நெல்லினத்துக்கு அங்கே மெல்லிய சவ்வாய் ஒரு சிறுநா இருக்கும். நெற்சப்பிக்கு அது கிடையாது. சிறுநா இருந்தால் உங்களுடையது காட்டு நெல்.

காட்டு நெல்லிலும் பல வகை. கோடையில் வற்றும் குட்டையில் ஓராண்டோடு முடிவது ஒரைசா நிவாரா (ஒரைசா என்பது நெல்லின் பேரினப் பெயர்). தண்ணீர் வற்றாத இடத்தில் பல்லாண்டு நிற்பது ஒரைசா ரூபிபோகன். இரண்டுக்கும் சிறுநா நீண்டு கூராய் இருக்கும். மூன்றாவதின் சிறுநா குட்டை, மணியும் சிறியது, மண்ணுக்குள் ஓடும் தண்டான வேர்த்தண்டுக்கிழங்கு உண்டு. அதின்ர பெயர் ஒரைசா ரைசோமட்டிஸ். டங்கன் வோகன் 1990இல் தனி இனமாய் விவரித்தார். இலங்கையின் உலர் வலயத்துக்கு வெளியே உலகில் வேறெங்கும் இயற்கையாய் இல்லாத புல் அது. காய்ந்து தளிர்க்கிற கதையைக் கேட்கவே எனக்கு அதுதான் மனதில் வருது, ஆனால் கிழங்கைக் காணாமல் முடிவு சொல்லக் கூடாது.

நிவாராவும் ரூபிபோகனும் பயிர் நெல்லோடு கலக்கும். அந்தக் கலப்பில் வந்து மணி உதிர்க்கும் களை நெல்லை வயலுக்குள் கண்டால் பிடுங்கத்தான் வேணும். ரைசோமட்டிஸ் மரபுத்தொகுதியில் (ஜீனோமில்) வேறு பிரிவு, எளிதில் கலக்காது. குளத்து ஓரத்தில் நின்றுவிட்டுப் போகட்டும்.

பனிக்கம் மக்சிமம், மெகாதிர்சஸ் மக்சிமஸ் என்று இரண்டு பெயர் படித்தேன். இரண்டு புல்லா? (வவுனியா மாணவி)

ஒன்றேதான் பிள்ளை, எங்கட வீதியோரக் கினிப்புல். 2003இல் தாவரவியலாளர் அதின்ர பேரினத்தை, அதாவது பெயரின் முதற்பகுதியை, மாற்றினார்கள். வெட்டிவேரும் இப்படித்தான் வெற்றிவேரியாவிலிருந்து கிரைசோபோகனுக்குப் போனது. ஆனால் கினிப்புல் ஆபிரிக்காவிலிருந்து வந்தது, சுதேசப் புல் பட்டியலில் சேர்க்காதேங்கோ.

மாதிரி எப்படி எடுக்கிறது? (துணுக்காய்)

கதிர், ஒரு முழு இலை, சிறுநா தெரியும் கணு, அடிக்கட்டை, வேர். பழைய பத்திரிகைத் தாளுக்கிடையில் வைத்து அழுத்தி, தாளைத் தினமும் மாற்றிக் காய வையுங்கோ. எந்த மாதம், தண்ணீருக்குள்ளா மேட்டிலா என்பதையும் எழுதி வையுங்கோ. கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று உறுதியாய்த் தெரியாத காணிக்குள் கால் வைக்கவும் வேண்டாம், தோண்டவும் வேண்டாம். அங்கே நிற்கிற புல்லைப் பாதையில் நின்று படம் எடுத்தால் போதும்.