எட்டு வயது மேனுவல் வேகன்: சேமிப்பு முழுவதையும் போடலாமா?

கேள்வி: எட்டு வருடம் ஓடிய ஸ்டேஷன் வேகன் (கூரை பின்பக்கம் வரை நீண்டு, சாமான் இடம் அதிகமுள்ள கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. டீசல், மேனுவல் கியர், 1,10,000 கிலோமீட்டர் ஓட்டம், ஒரே ஓனர். என் சேமிப்பு அதன் விலைக்குச் சரியாக இருக்கிறது. மேனுவல் வேகன் இனி வராது, விலை ஏறும், முதலீடாகவே வாங்கு என்கிறார் நண்பர். முழுப் பணத்தையும் கொடுத்துவிடவா, பாதிக்குக் கடன் வாங்கவா?

பதில்: முதலீடு என்ற சொல்லைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். விலை ஏறிய வேகன்கள் உண்டுதான். போர்ஷேயுடன் சேர்ந்து 1994-95இல் ஆடி (Audi) நிறுவனம் தயாரித்த ஆர்எஸ்2 அவான்ட் அப்படி ஒன்று. மொத்தமே மூவாயிரத்துக்கும் குறைவு, எல்லாமே ஆறு கியர் மேனுவல். நீங்கள் பார்ப்பது குடும்பத்துக்கான டீசல் வேகன். இந்த வகை குறைவாகக் கிடைக்கிறது என்றால், தேடி வாங்குபவர்களும் குறைவு என்று பொருள். அவசரமாக விற்க நேர்ந்தால் இப்படிப்பட்ட வண்டிதான் அதிகம் அடிவாங்கும்.

பிடித்திருந்தால் வாங்குங்கள், தவறில்லை. பழைய மேனுவலில் பெரிய செலவு பெரும்பாலும் கிளட்ச் ஒன்றுதான். அது எப்போது வரும் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். அதே வயதுள்ள உலர் டூயல் கிளட்ச் (எண்ணெயில் ஊறாத இரட்டை கிளட்ச்) ஆட்டோமேட்டிக்கில் கிளட்சோடு, கியர் மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட்டும் சேர்ந்து படுத்துக்கொள்ளலாம். ஆனால் சேமிப்பு முழுவதையும் விற்பவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஆறு மாதக் குடும்பச் செலவை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை 100 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு 75, முதல் வருட ரிப்பேருக்கு 25.

கால் பங்கு அதிகமாகத் தெரியலாம். ஆனால் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய டீசலில் கிளட்ச், டைமிங் பெல்ட், ஷாக் அப்சார்பர், டயர் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முறை கேட்டு நிற்கும். பல வண்டிகள் விற்பனைக்கு வருவதே இந்தக் கட்டத்தில்தான். ஓனர் தள்ளிப்போட்ட வேலைகளுக்கும் சேர்த்தே நீங்கள் விலை கொடுக்கிறீர்கள்.

எனவே விலை பேசும் முன் அந்த வேலைகளைக் கண்டுபிடியுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். கிளம்பிய முதல் சில நிமிடங்களில் மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்குங்கள். கரகரவென்று பல் உரசினால் கியர் உரசாமல் விழ வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சின்க்ரோ வளையம் இரண்டாம் கியரில் தேய்ந்திருக்கிறது. கியர்பாக்ஸைப் பிரிக்காமல் அது சரியாகாது. சூடான பிறகு இந்தச் சத்தம் மறைந்துவிடுவதும் உண்டு. ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 தர ஆயிலை ஊற்றியிருந்தாலும் பித்தளை சின்க்ரோ பாழாகும். எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று பில்லில் பாருங்கள்.

அடுத்து கிளட்ச். சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை இறுக்கிப் போட்டு, நான்காம் கியரில் வைத்து, இன்ஜினை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை நிதானமாக விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் நல்லது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒரு முறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் கருகும். பிளேட்டின் விலை பெரிதல்ல, கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிது. அதனால் இறக்கும்போதே பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். இன்ஜினை அணைக்கும்போது கடகடவென்று ஆடினால் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (இன்ஜின் அதிர்வை அடக்கும் இரட்டைச் சக்கரம்) மேல் சந்தேகம் வையுங்கள். கிளட்ச் செட்டை விட அதற்கே அதிகம் ஆகலாம்.

டைமிங் பெல்ட் மாற்றியாயிற்று என்று வாயால் சொன்னால் போதாது. பில்லில் பெல்ட், அதை இறுக்கும் டென்ஷனர், தாங்கும் ஐட்லர் உருளை மூன்றும் இருக்க வேண்டும். வாட்டர் பம்ப்பை அதே பெல்ட் சுற்றினால் அதுவும். இவற்றின் பழைய பேரிங் இறுகினால் புது பெல்ட்டையும் அறுத்துவிடும். பெல்ட் அறுந்தால் பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையில் கழியுங்கள்.

வேகனுக்கே உரிய இடம் பின்பக்கம். டிக்கி கதவு கீலருகே ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர்கள் திறந்து மூடியே ஒடியும். பின் வைப்பரோ நம்பர் பிளேட் விளக்கோ வேலை செய்யவில்லை என்றால் முதலில் அங்கேதான் பாருங்கள். ஸ்டெப்னி குழியில் கார்ப்பெட்டைத் தூக்கி விரலால் அழுத்துங்கள். ஈரமாக இருந்தால் விளக்கு சீலோ ரூஃப் ரெயில் அடிப்பகுதியோ ஒழுகுகிறது. தானே மட்டம் பார்க்கும் பின் சஸ்பென்ஷன் இருந்தால், அதன் ஷாக் விலையை முன்னதாகவே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகும்போது எரர் கோடு இல்லை என்பதோடு நின்றுவிடாதீர்கள். ரெடினஸ் பக்கத்தில், வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் பல சோதனைகள் முடியாமல் நின்றால், யாரோ அண்மையில் எரர்களை அழித்திருக்கக்கூடும். உங்கள் தினசரி ஓட்டம் சில கிலோமீட்டர்தான் என்றால், புகை வடிகட்டி உள்ள டீசலே வேண்டாம். குட்டி ஓட்டத்தில் அது அடைத்துக்கொள்ளும்.

கண்டதையெல்லாம் எழுதி, மெக்கானிக்கிடம் மதிப்பீடு வாங்குங்கள். ஒரு வருடத்துக்குள் வரும் செலவைப் பாதியாக அல்ல, முழுதாகவே விலையில் கேளுங்கள்.

இனி கடன். 12 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத் தவணை போட்டால், வாங்கும் ஒவ்வொரு 100க்கும் மொத்தம் 133க்கு மேல் கட்டுவீர்கள். மூன்று வருடம் என்றால் சுமார் 120. இதைவிட மோசம், ஐந்து வருடக் கடனில் இரண்டு வருடம் கட்டிய பிறகும் அசலில் 67 சதவீதம் அப்படியே நிற்கும். வண்டிக்கோ பத்து வயதாகியிருக்கும். பாதிக்கெல்லாம் கடன் வேண்டாம். ரிப்பேர் பணத்தைத் தொடாமல் இருக்க 20, 25 பங்கு குறைகிறது என்றால் அதை மட்டும் 36 மாதத்துக்கு வாங்குங்கள், முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லாத இடத்தில். அந்தத் தவணையே இடிக்கிறது என்றால், அதே மாடலில் விலை குறைந்த, பில் கட்டு தடிமனான வண்டி வரும்வரை காத்திருங்கள். இன்னும் 30,000 கிலோமீட்டர் கூட ஓடியிருந்தாலும் பரவாயில்லை.